கடைசி வண்டிக்குப் பின்

இலக்கியக் கூட்டம் எட்டரைக்கு முடியும் என்று அழைப்பில் போட்டிருந்தால் அது பத்துக்கு முடிகிறது. அதற்குப் பிறகு வாசலில் நின்று பேசச் சற்று நேரம். எழும்பூருக்கு ஓடி மின்சார ரயிலைப் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கும்போது நள்ளிரவுக்கு அதிகம் பாக்கி இருப்பதில்லை. சென்ற மாதம் அப்படி இறங்கியபோது வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் உடன் இருந்தார். சிறுகதை எழுதுகிறவர். ‘இந்நேரத்துக்கு இங்கே என்ன கிடைக்கும்?’ என்று கேட்டார். வழக்கமாக நான் சாப்பிடும் தள்ளுவண்டிக்கு அழைத்துப் போனேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது இன்னொரு கேள்வி கேட்டார்: ‘எத்தனை காலமாக இப்படி இங்கே கிடைக்கிறது?’ எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். எலியட்டின் லண்டனில் எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்று சொல்லுவேன். என் ஊரில் அடுப்பு எப்போது அணைகிறது என்பதை யோசித்ததில்லை.

பிறகு யோசித்தேன். ஓர் ஊரில் இரவில் சாப்பாடு கிடைப்பது பசியைப் பொறுத்த விஷயம் என்று தோன்றவில்லை. பசி எல்லா இரவுகளிலும் இருந்திருக்கிறது. யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்பதை ரயில் அட்டவணையும் ஆலைச் சங்கும் தீர்மானிக்கின்றன. அந்த நேரத்தில் அடுப்பு எரியலாமா என்பதைச் சட்டமும் போலீஸும் தீர்மானிக்கின்றன. இவை இரண்டும் ஒன்றோடொன்று கலந்து பேசிக்கொள்வதில்லை. அந்த இடைவெளியில்தான் தள்ளுவண்டி நிற்கிறது.

இரவுக் கடைக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் அல்லங்காடியும் தனித்தனியாக வருகின்றன. மாங்குடி மருதனார் யாமம் யாமமாக நகரத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார். அடை விற்கும் கூவியர் தங்கள் பண்டத்தோடு இருந்தபடியே தூங்கி வழிவது அவர் கண்ணில் படுகிறது. பாண்டியனுக்கு நிலையாமையைச் சொல்ல வந்த பாட்டில் ஒரு பலகாரக்காரனின் தூக்கத்துக்கு இடம் இருந்திருக்கிறது. ஆனால் அது தலைநகரின் இரவு. விழாவும் கோயிலும் வெளிநாட்டு வணிகரும் உள்ள ஊரில் இரவுக் கடை இருப்பதில் வியப்பில்லை. தலைநகருக்கு வெளியே, தூங்குவதற்கென்றே ஏற்பட்ட ஒரு புறநகரில் அல்லங்காடி எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

தாம்பரத்துக்கு முதலில் வந்தவர்கள் நகரத்திலிருந்து விலகியிருப்பதற்காக வந்தவர்கள். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை இங்கே தொடங்கினார். காற்றும் தூரமும் அதற்குத் தேவையாயிருந்தன. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையின் நெரிசலை விட்டு இங்குள்ள காட்டுக்குள் வந்து சேர்ந்தது. இவை இரண்டுக்கும் நடுவில், 1931-ல், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். தூரத்துக்காகத் தேர்ந்தெடுத்த ஊரின் தூரத்தை ரயில் இல்லாமலாக்கியது. கோட்டைப் பக்கம் உத்தியோகம், தாம்பரத்தில் குடித்தனம் என்பது சாத்தியமாயிற்று. நேரம் கழித்து வீடு திரும்புகிற மனிதன் இந்த ஊருக்கு இந்த ரயிலோடுதான் வந்து சேர்ந்தான் என்பேன். 2004-ல் மீட்டர்கேஜ் வண்டிகள் நின்றபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அகலப் பாதை வந்தது. திரும்புகிற நேரம் மாறவில்லை.

வீட்டில் ஆள் இருப்பவனுக்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருப்பார்கள். அப்படி மூடி வைக்க ஆளில்லாதவன் எங்கே போவான்? பகலில் போகக்கூடிய இடங்களிலேயே எத்தனை தடைகள் இருந்தன என்பதை மறந்துவிடக்கூடாது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு, சுயமரியாதை இயக்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல்தான் ஒழிந்தது. பெயர்ப் பலகைகளில் ‘பிராமணாள்’ அதற்குப் பிறகும் இருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். ஒரு சொல்லைப் பலகையிலிருந்து எடுக்க அவ்வளவு தேவைப்பட்டது. தள்ளுவண்டிக்குப் பலகையே கிடையாது. இதை வைத்து இரவுக் கடை சமத்துவத்தின் கோயில் என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். யார் வண்டி, யார் கை, என்ன கறி என்று விசாரித்துவிட்டு நகர்ந்து போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பதினொரு மணிக்கு விசாரணை குறைகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். வேறு கடை இல்லாதது அதற்குப் பெரிய காரணம்.

சட்டத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1947-ல் வந்த சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் கடை திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் அரசு வரையறுக்க வகைசெய்தது. பசித்தவனைப் பட்டினி போட ஏற்பட்டதல்ல அது. ஹோட்டலில் விடியுமுன் எழுந்து நடுநிசியில் அதே மேஜையின் கீழே படுத்துத் தூங்கிய பையன்களை நினைத்தால் அந்தச் சட்டத்தின் நியாயம் விளங்கும். வேலை நேரத்துக்கு எல்லை, வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்பவையெல்லாம் அதிலிருந்து கிடைத்தவை. அடுத்த ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் அமைக்கச் சொல்ல வழிசெய்தது. ஆக, தொழிலாளியின் இரவுப் பசியை அரசு அறிந்தே இருந்தது, ஆலைக் கதவுக்கு உள்ளே இருக்கும்வரை. ஷிப்ட் முடிந்து கதவுக்கு வெளியே வந்தவனின் பசிக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. ஹோட்டல் பையனுக்கு ஓய்வு வேண்டும், ஷிப்ட் முடித்தவனுக்குச் சோறு வேண்டும். இரண்டும் நியாயம். இரண்டையும் ஒருவர் தலையில் சுமத்தித் தீர்த்துக்கொண்டோம். தனக்குத் தானே முதலாளியும் பையனுமாக இருக்கிற தள்ளுவண்டிக்காரருக்கு மூடும் நேரம் சொல்லி ஓய்வு தர எவரும் இல்லை.

இரவில் என்ன கிடைக்கிறது என்பதிலும் இந்தச் சரித்திரம் படிந்திருக்கிறது. பத்து மணிக்கு மேல் இட்லி கேட்பவன் ஊருக்குப் புதியவன். இட்லியை ஆறவிட்டால் அது வேறு பண்டம். மாவும் நேரமாக ஆகப் புளித்துக்கொண்டே போகும். பரோட்டா அப்படி அல்ல. மைதாவைப் பிசைந்து எண்ணெய் தடவி உருட்டி வைத்தால் மணிக்கணக்கில் காத்திருக்கும், காத்திருப்பதால் இன்னும் இளகி வரும். வீசிச் சுருட்டி அரைவேக்காட்டில் அடுக்கி வைத்துக்கொண்டால் ஆள் வந்தபின் கல்லில் போட்டு எடுக்க இரண்டு நிமிஷம். சால்னா குறைந்த தீயில் எத்தனை நேரமும் கொதிக்கும். மிஞ்சிய பரோட்டாவுக்குக் கொத்து இருக்கிறது. முட்டையும் வெங்காயமும் சால்னாவும் சேர்ந்து பழசைப் புதிதாக்கிவிடுகின்றன. பிறகு வந்த பிரைட் ரைஸ் வண்டிகளும் இதே கணக்குதான். சாயந்திரம் வடித்து ஆறவைத்த சோறுதான் பெருந்தீயில் உதிரியாக வரும், சுடுசோறு குழையும். ஆப்பாயிலும் கலக்கியும் கேட்ட பிறகு உடைப்பவை. கேட்காவிட்டால் முட்டை மறுநாளைக்கும் முட்டையாகவே இருக்கும். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத வியாபாரத்துக்கு ஏற்ற பண்டங்கள் மட்டுமே இரவில் தங்கியிருக்கின்றன. உடம்புக்கு ஆகாது என்று நாம் சலித்துக்கொள்ளும் இந்தச் சாப்பாட்டை நாக்கு தேர்ந்தெடுக்கவில்லை. நிச்சயமின்மை தேர்ந்தெடுத்திருக்கிறது.

வருகிறவர்களும் நேரத்துக்கு நேரம் மாறுகிறார்கள். ஒன்பதரைக்குக் கடை கட்டிய ஜவுளிக்கடைப் பிள்ளைகள். பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூங்கவைத்துவிட்டு வருகிற உறவினர்கள். இவர்கள் ஒரு தோசையைச் சாப்பிட்டு இரண்டைப் பொட்டலம் கட்டிக்கொள்வார்கள். பிறகு ஷிப்ட் விட்டவர்கள், ஆட்டோக்காரர்கள், கடைசி வண்டியில் வந்தவர்கள். 1984-ல் சானடோரியம் அருகே ஏற்றுமதி மண்டலம் வந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்த பெண்கள் ஏராளம். ஆனால் இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை பெண்களை வேலை வாங்கலாகாது என்பது தொழிற்சாலைச் சட்டத்தின் விதி. 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பும் போக்குவரத்தும் தரவேண்டும் என்ற நிபந்தனைகளோடு இரவு வேலை பெண்களுக்கும் திறந்தது. வேலை திறந்ததே தவிர வீதி திறக்கவில்லை. கம்பெனி வேன் அவர்களை வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறது. தள்ளுவண்டியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் இன்றும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுப்புக்கு அந்தப் பக்கம் மட்டும் பெண் நிற்கிறாள்.

2019-ல் தமிழக அரசு ஓர் ஆணை வெளியிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றது. மூன்றாண்டுகளுக்கு என்று வந்தது, 2022-ல் நீட்டிக்கப்பட்டது. பத்திரிகைகள் இனி சென்னை தூங்காது என்ற தோரணையில் எழுதின. பத்துப் பேர் என்ற எண்ணில் என் கண் நின்றது. குளிர்சாதன உணவகத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். தள்ளுவண்டியில் புருஷன், பெண்டாட்டி, சில நாள் மச்சான். அரசு இரவைத் திறந்தபோது இரவில் ஏற்கனவே இருந்தவர்கள் கணக்கில் வரவில்லை.

ஆணை வந்தபின் ஒரு மார்ச் 31. வங்கியில் ஆண்டுக் கணக்கை முடித்துவிட்டு வந்து தட்டைக் கையில் வாங்குகிறேன், ரோந்து வண்டி வந்து நின்றது. உள்ளிருந்து ஒருவர் இறங்கக்கூட இல்லை. ஜன்னல் வழியே ஒரு கை மட்டும் வெளியே வந்து இப்படி அசைந்தது. விளக்கு அணைந்தது. அடுப்பு அணைந்தது. நாங்கள் ஆறேழு பேர் தட்டோடு இருட்டில் நின்று சாப்பிட்டோம். எவரும் எதுவும் பேசவில்லை. எதிர்ச்சாரியில் பெரிய உணவகத்தின் கண்ணாடிக்கு உள்ளே வெளிச்சமாக இருந்தது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று நான் கேட்டிருக்கலாம். படித்தவன், உத்தியோகஸ்தன், கேட்டால் என்னை ஒன்றும் செய்திருக்கமாட்டார்கள். கேட்கவில்லை. தோசை ஆறிவிடும் என்று தோன்றியது.

இப்போது அடுப்புகள் தெற்கே நகர்கின்றன. கோயம்பேடு நிலையம் 2002-ல் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து புறப்பட்டுத் தாம்பரம், பெருங்களத்தூர் வழியே போயின. பெருங்களத்தூர்ச் சாலையோரமே ஒரு பேருந்து நிலையமாக நடந்தது. ஊருக்குப் போகிறவர்கள் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது. வண்டிகள் அங்கே போயின. தாம்பரம் 2021-ல் மாநகராட்சியாகிவிட்டது. புறநகர் என்பது அடுத்த ஊருக்குத் தள்ளிப் போய்விட்டது, தள்ளுவண்டியும் பின்னோடு போகிறது. பேருந்து நிலையத்துக்குத் திட்டம் போட்டவர்களின் வரைபடத்தில் அது இருந்திருக்காது. ஆனால் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட முதல் மனிதனுக்கு அது தேவைப்பட்டிருக்கும்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். புதுமைப்பித்தன் கடவுளையே காப்பி ஹோட்டலுக்கு அழைத்துப் போனவர். அதற்குப் பிறகு வந்த நம் புதுக்கவிதையில் நகரத்து இரவு எத்தனையோ முறை வந்துவிட்டது. தெருவிளக்கு, நாய், தனிமை, அறை, தனிமை. அந்த அறைக்குத் திரும்பு முன் கவிஞர் எங்கோ சாப்பிட்டிருக்கிறார். அது மட்டும் கவிதைக்குள் வரவில்லை. நானும் அவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதியிருக்கிறேன். அந்நியமாதல் என்ற சொல்லை எத்தனை தடவை உபயோகித்திருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஆள் அரவமற்ற இரவு என்று நாம் எழுதியபோதெல்லாம் பக்கத்தில் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

நண்பரோடு போன அன்று மாவு தீர்ந்திருந்தது. ‘ரெண்டு தோசதான் வரும் தம்பி, ஆளுக்கு ஒண்ணு ஊத்தட்டா? பரோட்டா இருக்கு’ என்றார் அக்கா. ஆளுக்கு ஒரு தோசை, இரண்டு பரோட்டா. நான் காசை எண்ணிக்கொண்டிருந்தபோது நண்பர் அவரிடம், ‘நீங்க எப்பக்கா சாப்பிடுவீங்க?’ என்று கேட்டார். எட்டு வருஷமாக அங்கே சாப்பிடுகிற எனக்கு இந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை.

‘கல்லைக் கழுவி, வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய்ச் சேரவே ரெண்டு மணி ஆயிடும். குளிச்சாத்தான் இந்த வாடை போகும். அதுக்குள்ள பசி போயிடுது’ என்றார்.

சில்லறையைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.