திருவள்ளுவர் பெயர் தாங்கிய பள்ளி

அதிகாரம் என்பது அரசர்க்கும் அமைச்சர்க்குமே உரியதெனப் பலர் கருதுவர். அஃது ஆராயாதார் கூற்று. பள்ளி வாயிலில் நின்று, ஒரு குழந்தையை உள்ளே அழைக்கவும் மற்றொன்றைப் புறத்தே நிறுத்தவும் வல்லவன் கையிலும் அதிகாரம் உளது. அது நம் மயிலையின் சுற்றுப்புறத்தே செலுத்தப்பட்ட வரலாற்றை அன்பர்கட்குச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

1882-ஆம் ஆண்டில் ஹண்டர் துரை தலைமையில் அமைந்த கல்விக் குழு, சாதி பற்றி எவரையும் அரசாங்கப் பள்ளியினின்று விலக்கலாகாது என்னும் கொள்கையை வலியுறுத்தியது. ஆயின், அதனை நடைமுறைப்படுத்துவதில் எச்சரிக்கை வேண்டுமென்றும், தனிப்பள்ளிகள் அமைக்கலாமென்றும் உடன் உரைத்தது. விதி ஏட்டில் நின்றது. விலக்கு ஊரில் நின்றது. மேற்குலத்தார் தம் மக்களைப் பள்ளியினின்று நிறுத்திவிடுவர் என அஞ்சிச் சேரிக் குழந்தைகளைச் சேர்க்க மறுத்த நிருவாகிகள் பலர்.

இந்நிலையில், அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் 1894-இல் ஊரூரில் இலவசப் பள்ளி ஒன்று தொடங்கினார். பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. மயிலைப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயரே இடப்பட்டது. எத்துணைப் பொருத்தம்! வள்ளுவனார் பிறந்த ஊர் மயிலை என்பது கன்னபரம்பரை. அவர் நூலைப் போற்றிய ஊரிலேயே ஏழைச் சிறார் எழுத்தறியத் தனிப்பள்ளி வேண்டியிருந்தது என்பதை எண்ணுங்கால் நாணம் மிகுகின்றது.

எனினும், பிறர் அளித்த கொடையால் மட்டும் இம்மாற்றம் விளைந்ததன்று. இரட்டைமலை சீனிவாசனார் 1891-இல் சபை கண்டு, 1893-இல் 'பறையன்' என்னும் பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாச பண்டிதர் 1907 முதல் இராயப்பேட்டையினின்று 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். பொதுவழியும் கிணறும் குளமும் யாவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தைச் சீனிவாசனார் 1924-இல் சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்து நிறைவேற்றுவித்தார். இரக்கத்தாற் பெற்றது தனிப்பள்ளி. உரிமை கேட்டுப் பெற்றது பொதுவழி. இவ்வேறுபாடு மறக்கற்பாலதன்று.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் தன் வீட்டிலேயே உடன் பயில்வாரால் வெட்டுண்டான். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கையில், மாணவர் கையில் சாதிக்கயிறு கூடாதென்றும், பள்ளிப் பெயர்களினின்று சாதிப்பெயர் நீங்கவேண்டுமென்றும் பரிந்துரைத்தது.

பின்னது நம்மனைய சங்கங்களை நேரே நோக்கிக் கூறியதாகும். நம் முன்னோர் தந்த பொருளுக்கும் உழைப்பிற்கும் இஃது இழுக்கென உறுப்பினர் சிலர் வருந்தலாம். அடைத்த கதவைத் திறக்கவே சங்கங்கள் கல்விப்பணி பூண்டன. அவையே பிறிதொரு கதவைத் தாழிட்டால் தோன்றிய பயன் யாது? நம் சங்க உதவித்தொகை வறிய மாணவர் எவர்க்கும் உரியதாகுக; நம் இல்லத்துப் பிள்ளைகள் வண்ணக்கயிறு அணியாதிருக்க. இவை நம் கைக்கு எட்டியவை. அன்பர்கள் இதனை ஆய்ந்து, அடுத்த கூட்டத்தில் தம் கருத்தை உரைப்பாராக.