கருணையின் பெயரால்: சபர்மதிக் கன்றும் உயிர்நீக்கம் பற்றிய விவாதமும்

ஈழத்து வரலாற்று மரபிலே கன்று ஒன்றின் சாவு அரச நீதியின் உரைகல்லாக நின்ற கதை யாவரும் அறிந்ததே. அநுராதபுரத்தில் இருந்து ஆட்சி புரிந்த எல்லாளனின் மைந்தன் ஊர்ந்து சென்ற தேர்ச்சில்லில் இளங்கன்று ஒன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்து நீதி கேட்டது. மன்னன் தன் மகனுக்கும் அதே முடிவை விதித்தான். இவ்வாறு மகாவம்சம் கூறும். சோழநாட்டில் இதே கதை மனுநீதிச் சோழன்மேல் ஏற்றிக் கூறப்படுகின்றது. இரு மரபுகளும் வலியுறுத்தும் உண்மை ஒன்றே. வாய்பேசா உயிரின் துயரும் அரசவையில் வழக்காக ஏற்கப்படத்தக்கது என்பதே அது.

இக்கதையில் நீதி காண்பது அரிதாயினும் குழப்பம் இல்லை. கன்று தவறுதலாகக் கொல்லப்பட்டது, கொன்றவன் உளன், பாதிக்கப்பட்ட தாயும் உளது. ஆயின் கன்று சாகாமல், சாகவும் இயலாமல், பிழைக்கவும் வழியின்றி, வேதனையிற் கிடந்து துடிக்குமாயின் அதனைப் பேணி வளர்த்தவர் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்குப் பழங்கதைகள் விடை கூறவில்லை. இருபதாம் நூற்றாண்டிலே, 1928ஆம் ஆண்டில், குசராத்தின் சபர்மதி ஆற்றங்கரையில் இவ்வினா நேருக்குநேர் எழுந்தது. அதனை எதிர்கொண்டவர் அகிம்சையைத் தம் வாழ்வின் நெறியாகக் கொண்ட மோகன்தாசு கரம்சந்த் காந்தி என்பதே அந்நிகழ்ச்சிக்கு வரலாற்று முக்கியத்துவம் அளிக்கின்றது.

நிகழ்ச்சியின் பின்னணி

காந்தியடிகள் சபர்மதியில் ஆச்சிரமம் அமைத்தது 1917ஆம் ஆண்டிலாகும். அங்கு நூல்நூற்றலும் நெசவும் போலவே பசுப்பராமரிப்பும் முக்கிய பணியாக இருந்தது. ஆச்சிரமம் அமைந்த ஆமதாபாத் நகரமோ சமணமும் வைணவமும் ஆழ வேரூன்றிய நகரம். உயிர்க்கொலை என்ற சொல்லே அம்மக்களின் உள்ளத்தை நடுங்கச் செய்யும்.

குசராத்தில் இவ்வுணர்வு வெறும் நம்பிக்கையாக மாத்திரம் நின்றுவிடவில்லை, நிறுவனமாகவும் உருப்பெற்றது. முதிர்ந்தும் முடம்பட்டும் பயனற்றுப்போன விலங்குகளை அவற்றின் இயற்கையான இறுதிவரை வைத்துப் பேணும் ‘பாஞ்சராப்போல்’ எனப்படும் புகலிடங்கள் அங்கு பல நகரங்களில் நிலவின. 1623ஆம் ஆண்டில் காம்பே நகரைக் கண்ட இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, நோயுற்ற பறவைகளுக்கென ஒரு மருத்துவமனை அங்கு இயங்கியதை வியப்புடன் எழுதியுள்ளார். 1832ஆம் ஆண்டில் பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் அரச நடவடிக்கைக்கு எதிராகப் பார்சிகளும் இந்துக்களும் சமணரும் திரண்டெழுந்தனர். அதனை அடுத்து 1834ஆம் ஆண்டில் பம்பாய்ப் பாஞ்சராப்போல் நிறுவப்பட்டது. இவ்விடங்களின் அடிப்படை விதி ஒன்றே: பேணலாம், கொல்லலாகாது.

மேனாட்டில் வளர்ந்த நெறி வேறானது. இங்கிலாந்தில் 1822ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியது. 1824ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. இவ்வியக்கம் விலங்கின் வேதனையையே தீமை எனக் கொண்டது. எனவே தீராத வேதனையை விரைந்த சாவினால் முடித்து வைப்பதை அது கருணை என ஏற்றது. ஒன்று உயிரைப் புனிதமெனக் கொண்டது. மற்றையது வேதனையின்மையை முதன்மையாகக் கொண்டது. சபர்மதியில் மோதியவை இவ்விரு நெறிகளே எனலாம்.

கன்றின் கதை

1928ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பார்தோலி விவசாயிகளின் வரிமறுப்புப் போராட்டம் வெற்றியுடன் முடிவுற்றிருந்தது. நாடு முழுவதும் காந்தியடிகளை நோக்கியிருந்த அக்காலத்திலேதான் ஆச்சிரமத்தில் ஒரு கன்று ஊனமுற்று வீழ்ந்து கிடந்தது. இயன்ற சிகிச்சைகள் யாவும் அளிக்கப்பட்டன. ஆச்சிரமவாசிகள் அருகிருந்து பணிவிடை செய்தனர். ஆயினும் அதன் வேதனை தணியவில்லை. பெருந்துன்பம் அடையாமல் புரண்டு படுக்கவும் அதனால் இயலவில்லை. சிகிச்சை அளித்த வைத்தியர் இனி நம்பிக்கை இல்லையெனக் கூறிவிட்டார்.

அதன் வேதனையை உயிருடன் சேர்த்து முடித்து வைப்பதே மனிதத்தன்மை எனக் காந்தியடிகள் கருதினார். எனினும் அவர் தனித்து முடிவெடுக்கவில்லை. விடயம் ஆச்சிரமவாசிகள் அனைவரின் முன்னும் வைக்கப்பட்டது. அயலவரான மதிப்புக்குரிய ஒருவர் கடுமையாக எதிர்த்தார். படைக்க இயலாத உயிரைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை என்பது அவரது வாதம். தன்னலத்துக்காக உயிர் பறிக்கப்படும்போதே அவ்வாதம் பொருந்தும் என்பது காந்தியடிகளின் மறுமொழி. இறுதியில் வைத்தியர் ஒருவர் நஞ்சூசி ஏற்றினார். காந்தியடிகள் உடனிருந்தார். இரண்டு நிமிடத்துக்குள் யாவும் முடிந்தது.

நிகழ்ந்ததை மறைக்க அவர் முயலவில்லை. தீயின் சுவாலை என்னும் பொருள்படும் தலைப்பில் குசராத்தி இதழான ‘நவசீவன்’ வழியாகவும், பின்னர் ஆங்கில இதழான ‘யங் இந்தியா’ வழியாகவும் அவரே அதனை உலகறியச் செய்தார். ஆமதாபாத் மக்கள் இச்செயலில் இம்சையைத் தவிர வேறெதையும் காணமாட்டார் என்பதை அவர் அறிந்தே இருந்தார். எதிர்பார்த்தவாறே கண்டனக் கடிதங்கள் குவிந்தன. சிலவற்றின் மொழி பண்பாட்டின் எல்லையையும் கடந்திருந்தது.

காந்தியடிகளின் வாதம்

அவரது வாதத்தின் மையம் நோக்கம் பற்றியதாகும். சினத்தாலோ தன்னலத்தாலோ ஓருயிருக்குத் துன்பம் செய்தல் இம்சை. நோயாளியின் நன்மை கருதிச் சத்திரவைத்தியர் கத்தியை எடுப்பது இம்சையாகாது. அவ்வாறே வேறு வழியற்ற நிலையில், துன்புறும் உயிரின் நன்மை ஒன்றையே கருதி அதன் உடலையும் உயிரையும் பிரிப்பதும் அகிம்சையின் பாற்படும் என்றார். தமக்கே அந்நிலை நேரினும் இவ்விதி பொருந்தும் என்று கூறவும் அவர் தயங்கவில்லை.

அதே கட்டுரையின் பிற்பகுதி பலரால் மறக்கப்பட்டுவிட்டது. ஆச்சிரமத்துப் பயிர்களைக் குரங்குகள் அழித்து வந்தன. அவற்றைக் கொல்லலாமா என்ற வினாவையும் அவர் அங்கு எழுப்பினார். கன்றைக் கொன்றது கன்றின் பொருட்டு. குரங்கைக் கொல்வதோ மனிதரின் பொருட்டு. எனவே பின்னையது தவிர்க்கவியலாததாயினும் இம்சையே என அவர் ஒப்புக்கொண்டார். 1926ஆம் ஆண்டில் ஆமதாபாத் ஆலை உரிமையாளர் ஒருவர் வெறிநோய் அச்சத்தால் அறுபது தெருநாய்களைக் கொல்வித்தபோது காந்தியடிகள் அதனை ஆதரித்து எழுதியிருந்தார். அங்கு நியாயமாகக் காட்டப்பட்டது சமூகத்தின் பாதுகாப்பு. கன்றின் விடயத்திலோ அத்தகைய புறநியாயம் எதுவும் இல்லை. துன்புறும் உயிரின் நலன் மாத்திரமே நின்றது. ஆகையால் இவ்வழக்கு முன்னையதினும் தூயது. அதே காரணத்தால் முன்னையதினும் கடினமானது.

எழுந்த எதிர்ப்புகளுக்கு விடையளிக்கையில் அவர் நான்கு நிபந்தனைகளை வகுத்தார். நோய் தீராததாக இருத்தல் வேண்டும். தொடர்புடைய அனைவரும் உயிர்பிழைக்கும் என்ற நம்பிக்கையை இழந்திருத்தல் வேண்டும். எவ்வித உதவியும் பணிவிடையும் பயன்தராத நிலை எய்தியிருத்தல் வேண்டும். துன்புறும் உயிர் தன் விருப்பத்தை வெளியிட இயலாதிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் உயிர்நீக்கம் அகிம்சையாகாது என்பது அவர் துணிபு.

இந்நிபந்தனைகளை ஊன்றி நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். நான்கும் துன்புறும் உயிரின் நிலையைப் பற்றியனவே. பேணுவோரின் களைப்பு, செலவு, கண்முன்னே வேதனையைக் காணச் சகியாமை ஆகியவற்றுக்கு அங்கு இடமில்லை. ‘பார்க்கமுடியவில்லை’ என்ற சொல் இத்தகைய வேளைகளில் எல்லா வீடுகளிலும் எழுவது இயல்பு. ஆனால் அச்சொல் பார்ப்பவரின் துன்பத்தைக் கூறுகின்றதேயன்றிப் படுபவரின் துன்பத்தை அன்று. தீர்மானத்தின் கடினமெல்லாம் இவ்விரண்டையும் பிரித்தறிவதிலேயே அடங்கியுள்ளது.

நிபந்தனைகளுட் குறைபாடும் உண்டு. நான்காவது நிபந்தனை மனிதர்க்குப் பாதுகாப்பாக அமையும். விலங்குகளுக்கோ அது எப்போதும் நிறைவேறியே இருக்கின்றது. விருப்பத்தைச் சொல்லால் வெளியிடும் விலங்கு இல்லை. எனவே விலங்கின் விடயத்தில் முழுச்சுமையும் முதல் மூன்றின்மீதே விழுகின்றது. அவற்றுள்ளும் மூன்றாவது காலத்தோடு மாறுவது. 1928ஆம் ஆண்டில் உதவிக்கு அப்பாற்பட்டதாயிருந்த வேதனை பலவற்றை இன்றைய மருந்துகள் தணிக்கவல்லன. பாஞ்சராப்போல் மரபினர் முன்வைத்த வாதத்தின் வலிமை இங்கேதான் உள்ளது. இன்னும் பேணிப் பார்த்தோமா என்று அவர்கள் கேட்டது பழமைவாதம் மாத்திரம் அன்று. அவசரத்துக்கு இட்ட கடிவாளமும் ஆகும். மறுபுறம், தணிக்கமுடியாத வேதனையை நாட்கணக்கில் நீடிக்கவிட்டு, அதனைக் கொல்லாமை என்ற பெயரால் அழைப்பது உயிருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், உயிருடன் வைத்திருப்பதே கொடுமையாகும் நிலையில் துன்புறும் விலங்கை நீக்குவதற்கு ஏற்பாடு செய்தமை, இவ்விவாதத்தில் மறுதரப்பின் நியாயமும் சட்டத்தில் இடம்பெற்றதைக் காட்டும்.

துயரும் நினைவும்

விலங்கின் சாவுக்காக மனிதர் வருந்துவது இக்காலத்து மென்மை எனக் கருதுவோர் உளர். வரலாறு அதனை ஏற்கவில்லை. வீட்டுப்பூனை இறந்தால் எகிப்தியர் புருவத்தையும், நாய் இறந்தால் உடல்முழுவதையும் மழித்துக்கொண்டனர் என எரதோத்தசு எழுதியுள்ளார். தமிழகத்தில் திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில் வீரனுடன் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் காத்துநின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. கன்னட நாட்டு ஆதகூரில் 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த கல், பன்றியுடன் பொருது மாண்ட காளி என்னும் வேட்டைநாய்க்கு உரியது. அதனை வளர்த்த மணலேரன் என்னும் வீரன் கல்லை நாட்டியதோடு அதன் வழிபாட்டுக்கு நிலமும் ஏற்படுத்தினான். இலண்டன் ஐட் பூங்காவில் 1881ஆம் ஆண்டில் ஒரு வளர்ப்புநாய் அடக்கஞ் செய்யப்பட்டதைத் தொடர்ந்து அங்கு விலங்குகளுக்கான இடுகாடு ஒன்று உருவாயிற்று.

ஆயினும் இத்துயருக்கும் சபர்மதித் துயருக்கும் வேறுபாடு உண்டு. கோவிவனும் காளியும் தம் கடமையில் நின்றன. அவற்றின் நினைவில் பெருமிதம் கலந்திருந்தது. சாகும் வேளையை மனிதரே குறித்துக் கொடுத்த விலங்கின் நினைவிலோ பெருமிதம் இல்லை, ஐயமே கலந்துள்ளது. ஒருநாள் பொறுத்திருக்கலாமோ என்ற வினாவும், ஒருவாரம் முந்தியே செய்திருக்கலாமோ என்ற வினாவும் ஒரே உள்ளத்தில் மாறிமாறி எழும். இவ்வகைத் துயருக்கு நடுகல் இல்லை; சடங்கும் இல்லை; அயலவர் வந்து துக்கம் விசாரிக்கும் வழக்கமும் இல்லை.

இத்துயரைத் தாங்கும் வழியைக் காந்தியடிகள் உபதேசமாகக் கூறவில்லை. ஆனால் அவரது நடத்தையில் அது அடங்கியிருக்கின்றது. இயன்ற பணிவிடை அனைத்தும் முதலிற் செய்யப்பட்டது. அறிந்தவரின் கருத்துக் கேட்கப்பட்டது. எதிர்த்தவருக்கும் செவி கொடுக்கப்பட்டது. முடிவை எடுத்தவர் அந்நேரத்தில் விலகி நில்லாது அருகே நின்றார். பின்னர் செய்ததை மறைக்காமல், நற்செயல் செய்தேன் எனத் தருக்காமல், காரணங்களுடன் கணக்குக் கொடுத்தார். இவை குற்றவுணர்வை முற்றாக அகற்றும் எனக் கூறமுடியாது. ஆனால் மனச்சான்று மீளமீள வினவும்போது கூறத்தக்க விடையொன்றை இவை அளிக்கும்.

எல்லாளனின் அரண்மனை வாயிலில் மணி இருந்தது. பசு அதனை அசைக்க முடிந்தது. சபர்மதிக் கன்றிடம் அசைப்பதற்கு மணி இல்லை. அதன் வழக்கை அதனைப் பேணியவர்களே எடுத்துரைத்து, அவர்களே தீர்ப்பும் கூறவேண்டியிருந்தது. வளர்க்கும் விலங்கின் இறுதிக்காலத்தில் ஒவ்வொரு வீட்டாரும் ஏற்கும் பொறுப்பு இதுவே. வழக்குரைப்பவரும் நீதிபதியும் ஒருவரேயாகும் மன்றத்தில் தீர்ப்பு எளிதாக இருத்தல் கூடாது. அது எளிதாக இல்லாமையே அங்கு நீதி இன்னும் நிலவுவதற்குச் சான்று.