இரு கழிமுகங்களுக்கு இடையே

நாட்டின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கல்வெட்டுகளிலும் அரண்மனைகளிலும் தேடுகின்றோம். ஆற்று மணலும் கடலலையும் எழுதிய வரலாறும் ஒன்று உண்டு. அதனைக் காண விழைவோர் கொச்சிக்கு எதிரேயுள்ள வைப்பின் தீவில், தென்முனை தொடங்கி வடமுனைவரை ஒரு பகல் நடந்தால் போதும். வழி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இடப்புறம் அரபிக் கடல், வலப்புறம் காயல், இரு முனைகளிலும் கழிமுகம்.

சீன வலைகள் நீரிலிருந்து எழும் விடியற்காலையில் தென்முனையிலிருந்து நாம் புறப்படுகின்றோம். இன்று பெருங்கப்பல்கள் புகும் இவ்வாயிலை ஒரு காலத்தில் இறுகிய மணல்திட்டு அடைத்திருந்தது. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ அதனை வெட்டி ஆழப்படுத்த முனைந்தார். அவ்வாறு செய்தால் வைப்பின் கரையைக் கடல் கொண்டுவிடும் என்ற அச்சம் நிலவியது. அவ்வச்சத்தை அவர் புறக்கணிக்கவில்லை. கரைக்கு ஏறக்குறைய இணையாக, ஒன்றன் முனையை மற்றொன்று கடந்து நிற்குமாறு கருங்கல் தடுப்புகளை அமைத்தார். அலை கொணர்ந்த மணல் அவற்றிடையே தங்கவே, கரை தானே வளர்ந்தது. 1928-இல் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தை அடைந்தது.

அடுத்து வருவது புதுவைப்பு. 1979-இல் கொச்சிக் கோட்டைப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த கலங்கரை விளக்கம் இங்கேதான் நிற்கின்றது. புதிதாக வைக்கப்பட்ட நிலம் என்னும் பொருள் இவ்வூர்ப் பெயரிலேயே விளங்குகின்றது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் பெருகிற்று. அவ்வெள்ளம் கொணர்ந்து குவித்த மண்ணே இத்தீவை உருவாக்கியது என்பது மரபு. அவ்வாண்டை முதலாகக் கொண்டு 'புதுவைப்பு ஆண்டு' என ஒரு சகாப்தமே வழங்கியதென்றால், அந்நிகழ்ச்சி மக்கள் மனத்தில் எத்துணை ஆழப் பதிந்திருத்தல் வேண்டும்!

ஞாறக்கல்லைக் கடந்து நாயரம்பலம், எடவனக்காடு ஆகிய ஊர்களை அடையும்போது நம் துணையாக வருவது கடற்சுவர். மழைக்காலத்தில் அலைகள் இச்சுவரைத் தாண்டி வீடுகளுள் பாய்வதுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை எடவனக்காட்டில் உயிர்களையே கொண்டு சென்றது. கற்சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடியிலுள்ள மணலை அரிக்கின்றது. அடிமணல் போகக் கற்கள் சரிகின்றன. சுவர் முடியும் இடத்திற்கு அப்பாலுள்ள கரையும் தேய்கின்றது. மணலைத் தங்கவைக்கும் கல் வேறு, அலையை எதிர்த்து நிற்க மட்டும் அறிந்த கல் வேறு என்பதனை ஒரே தீவில் நாம் காண்கின்றோம்.

வலப்புறம் பொக்காளி வயல்கள் விரிகின்றன. மழைநீர் உப்பைக் கழுவும் மாதங்களில் நெல்லும், உப்புநீர் ஏறும் மாதங்களில் இறாலும் விளையும் வயல்கள் இவை. கடலோடு பகை கொள்ளாது அதனைப் பருவத்திற்கேற்ப உள்ளே விடும் உழவரின் அறிவு இது.

மாலையில் பள்ளிப்புரத்தை எட்டுகின்றோம். 1503-இல் போர்த்துகீசியர் எழுப்பிய அறுகோணக் கோட்டை இங்குளது. 1661-இல் இது டச்சுக்காரர் வசமாயிற்று. 1789-இல் அவர்கள் இதனையும் கொடுங்கல்லூர்க் கோட்டையையும் திருவிதாங்கூருக்கு விற்றனர். அவ்விற்பனையை ஏற்காத திப்பு சுல்தான் அவ்வாண்டு இறுதியில் படையெடுக்க, மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. கழிமுகத்தைக் காக்கும் சிறு கோட்டை ஒரு பெரும்போருக்கே காரணமாயிற்று!

ஞாயிறு மறையும் வேளையில் முனம்பத்தில் நிற்கின்றோம். எதிர்க்கரைக்கு அப்பால் கொடுங்கல்லூர். யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதாக அகநானூறு கூறும் முசிறி இக்கழிமுகத்தை ஒட்டியே இருந்தது என்பர். அருகிலுள்ள பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் உரோம நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன. கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து கொச்சி வாயில் அகன்றதற்கும் 1341 வெள்ளத்தையே வரலாற்றாசிரியர் பலர் காரணமாகக் கூறுவர்.

ஆறு ஒரு வாயிலை அடைத்தது, மற்றொன்றைத் திறந்தது, இடையே மக்கள் வாழ ஒரு நிலத்தையும் தந்தது. அந்நிலத்தைக் காப்பது இன்று நம் கடன். எங்கே கல் வைப்பது என்பதைவிட, மணல் எவ்வழிச் செல்கின்றது என்று முதலில் அறிவதே அக்கடனின் தொடக்கமாகும்.