பற்றரி ஏன் செத்தது?

நான் எழுத்தாளன் இல்லை. உயர்தரத்தோட படிப்பு நின்றுபோய், இங்கிலாந்தில ஒரு தொழிற்சாலையில வேலை செய்யிறவன். மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கத்து அண்ணை கேட்டார். எனக்குக் கொஞ்சம் தெரிஞ்ச சாமான் பற்றரி. அதின்ர வரலாற்றை எழுதுகிறேன்.

எங்கட வன்னிக் கிராமத்தில கரண்ட் இல்லை. நான் பிறந்து வளர்ந்தது மண்ணெண்ணெய் விளக்கில. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு, கார்த்திகை மாதம், அப்பா அம்மாவின்ர சங்கிலியை அடைவு வைத்து 50 வாற் சோலார் பனல் ஒன்றும் பழைய கார் பற்றரி ஒன்றும் வாங்கினார். ஒரு ரியூப் லைற், ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி. அக்கா லைற்றில படிச்சா. ஊர்ச் சனம் வந்து பார்த்திட்டுப் போச்சுது.

2003 பங்குனி 18. உலகக் கிண்ண அரையிறுதி, இலங்கையும் அவுஸ்திரேலியாவும். அப்பா வீட்டில இல்லை. எனக்குப் பதின்நாலு வயது. மச் முடிய முன்னமே ரீவித் திரை நாலு பக்கத்தாலும் சுருங்கி, அப்பிடியே அணைஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு அந்தப் பற்றரி சார்ஜைப் பிடிக்கவே இல்லை. "கிரிக்கெற் பார்த்துப் பற்றரியைக் கொண்டுபோட்டாய்" என்று அப்பா அடிச்சார். அடி ஆறிவிட்டது. அந்தச் சொல் ஆறவில்லை. சங்கிலியும் மீளவில்லை. நான் உயர்தரம் படிச்சது திரும்பவும் மண்ணெண்ணெய் விளக்கில.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1859 இல் பிரான்சில கஸ்தோன் பிளான்ரே என்ற விஞ்ஞானி இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று முட்டாமல் சுருட்டி, சல்பூரிக்கமிலத்தில் வைத்தார். திரும்பத் திரும்ப மின் ஏற்றக்கூடிய முதல் பற்றரி அதுதான். தகட்டைப் பழக்கி எடுக்க மாதக்கணக்கு எடுத்தது. 1881 இல் கமீல் போர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஈய ஒட்சைட்டைக் களியாக்கித் தகட்டில் பூசினார். வேலை சுருங்கியது, மின்னும் கூடப் பிடித்தது. அந்த வருசமே மின் ஏற்றிய பெட்டி ஒன்று பாரிசிலிருந்து கிளாஸ்கோவுக்குப் போனது. அதைப் பரிசோதித்தவர் வில்லியம் தொம்சன். நாங்கள் பௌதிகத்தில் படிச்ச கெல்வின் பிரபு அவர்தான். ஆனால் பூசின களி மெல்ல மெல்லக் கழன்று விழும். பற்றரியின் ஆயுள் என்ற பிரச்சினை அன்றைக்கே தொடங்கியது.

அடுத்தது அமெரிக்காவில ஓகாயோ மாநிலத்து டேற்றன் நகரம். சார்ள்ஸ் கெற்றரிங் என்ற பொறியியலாளர் செய்த மின் ஸ்ராற்றர் 1912 ஆம் ஆண்டுக் கடிலாக் காரில் வந்தது. காரை ஸ்ராற் பண்ணச் சில விநாடிதான், ஆனால் பெரிய மின்னோட்டம் வேணும். அதுக்கு மெல்லிய தகடுகள் நிறைய வேணும். பிறகு எஞ்சின் ஓடி உடனேயே திருப்பி நிரப்பிவிடும். அதே கெற்றரிங்கின் கொம்பனி 1916 இல் கரண்ட் கம்பி போகாத பண்ணைகளுக்கு டெல்கோ-லைற் என்ற இயந்திரத்தை விற்றது. சின்ன எஞ்சின் ஒன்றும், கண்ணாடிச் சாடிகளில் 16 கலங்களும், 32 வோல்ற். இரவிரவாக மெதுவாய் விளக்கு எரியவேணும் என்றபடியால் இதுக்குத் தடிச்ச தகடு. ஒரே ஆளின்ர கையால இரண்டு தேவைக்கு இரண்டு விதப் பற்றரி. எங்கட அப்பா வாங்கினது முதலாவது. அவருக்குத் தேவைப்பட்டது இரண்டாவது.

சூரிய ஒளியும் பற்றரியும் சேர்ந்த கதை 1955 இல். அதுக்கு முதல் வருசம் பெல் ஆய்வுகூடம் சிலிக்கன் சூரியக் கலத்தை அறிமுகப்படுத்தியிருந்தது. 1955 இல் ஜோர்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்ற ஊரில ஒரு கிராமத்துத் தொலைபேசிக் கம்பிக்கு அதைப் பூட்டினார்கள். பகலில் பனல், இரவில் பற்றரி.

இதெல்லாம் நான் தேடிப் படிச்சது எங்கட வேலைத்தலத்தில போர்க்லிப்ற் பற்றரி பார்க்கிற வேலை கிடைச்ச பிறகுதான். அதுவும் ஈயப் பற்றரிதான், ஆனால் குழாய் மாதிரித் தகடு. ஒழுங்காய்ப் பார்த்தால் 1500 தரம் மட்டில் இறக்கி ஏற்றலாம், ஐந்து வருசம் ஓடும். முதல் நாளே சொல்லித்தந்த சட்டம்: ஐந்தில் ஒரு பங்கு எப்பவும் மிச்சம் இருக்கவேணும், இறங்கின பற்றரியை ஒரு இரவும் சும்மா விடக்கூடாது. மின் இறங்கும்போது தகட்டில் ஈயச்சல்பேற்று படியும். உடனே ஏற்றினால் கரையும். நாட்கணக்கில் விட்டால் பளிங்காய் இறுகிவிடும். பிறகு என்ன செய்தும் முழுசாய் மீளாது.

அன்றைக்கு இரவு கணக்குப் போட்டேன். 50 வாற் பனல் நல்ல வெயிலில 4 மணித்தியாலம் முழு அளவில் தந்தால் 200 வாற்-மணி. மாரி மழையில அதில பாதியும் வராது. லைற்றும் ரீவியும் சேர்ந்து 40 வாற், 5 மணித்தியாலத்துக்கு 200. கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் அந்தப் பற்றரி ஒரு நாளும் வயிறு நிறையச் சாப்பிடவில்லை. வெயில் வந்த பிறகும் வந்தது செலவுக்கே சரி. மச் நடந்த நாளில் அது ஏற்கனவே செத்துக்கொண்டுதான் இருந்தது.

அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப பிழை என்னில. உனக்கு அடிச்சிருக்கக் கூடாது" என்றார். பிறகு கேட்டார், "அண்டைக்கு ஆர் வெண்டது?"

"அவுஸ்திரேலியா, அப்பா. மழை குழப்பினது. 48 ஓட்டத்தால."

"அங்கையும் மழைதானோ" என்று சிரிச்சார்.

2022 இல் ஊரில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின பிறகு, பற்றரிக்கென்று இங்கேயிருந்து காசு அனுப்புற ஆக்கள் கூடியிருக்கினம். உறவுகளே, ஈயப் பற்றரி வாங்கினால் பழைய கார் பற்றரி வேண்டாம். கடையில "ரியூபுலர்" என்று கேட்கச் சொல்லுங்கோ. பாதிக்கு மேல இறக்காமல் பாவிக்கவேணும். மாரியில பாவனையைக் குறைக்கவேணும். வடிநீர் மட்டம் பார்த்து விடவேணும், கிணற்றுத் தண்ணீர் விடக்கூடாது. சூடு ஆயுளைக் குறைக்கும், நிழலில வைக்கவேணும். செத்துப்போனால், வீட்டில ஒருதரையும் பேச முதல் பனலின்ர கணக்கைப் பாருங்கோ.