சலவைக் குறியும் லினக்ஸ் சாக்கெட்டும்

ஃபோர்ட் கொச்சி தோபிகானாவை மட்டாஞ்சேரிப் பக்கத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகத் துவைக்கும் இடம். துணி மூலையில் போடும் சின்னக் குறி மாறிவிட்டால் என்னாகும்? உங்கள் வேட்டி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும். இதே சிக்கல் லினக்ஸ் கெர்னலிலும் இருந்தது.

ஒரு புரோகிராம் நெட்வொர்க்கோடு பேசும் கவுண்டர்தான் சாக்கெட். ரகசியத் தகவல் புழங்கும் இடங்களில் ஒவ்வொரு கவுண்டருக்கும் 'இன்ன தரம்' என்று லேபிள் உண்டு. 1973-ல் பெல், லாபடுலா என்ற இருவர் தந்த கணித மாதிரியிலிருந்து வளர்ந்த யோசனை இது. அமெரிக்காவின் என்எஸ்ஏ 2000 டிசம்பரில் எஸ்இலினக்ஸை வெளியிட்டது. 2003-ல் அது லினக்ஸ் 2.6-ல் சேர்ந்தது. (2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல் நம் போன்களிலும் இதே எஸ்இலினக்ஸ்தான் காவல்.)

லேபிள் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருந்தால் போதுமா? வயரில் போகும் பாக்கெட்டிலும் ஒட்ட வேண்டும். அதற்கு சிப்ஸோ என்றொரு முறை. தின்கிற சிப்ஸ் இல்லை :-) பால் மூர் எழுதிய நெட்லேபிள் இதை 2006-ல் 2.6.19 கெர்னலுக்குள் கொண்டுவந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வெளியிலிருந்து டிசிபி இணைப்பு வந்தால் கெர்னல் அதற்கென்று புது சாக்கெட் ஒன்றைத் திறக்கும். அது அனுப்பும் பதிலில் நம் கவுண்டரின் லேபிள் இருக்க வேண்டும். எஸ்இலினக்ஸ் ஒழுங்காகத்தான் ஒட்டியது. பின்னாலேயே வந்த நெட்வொர்க் பகுதி அதைக் கிழித்துவிட்டு, வந்தவர் கொண்டுவந்த லேபிளையே திரும்ப ஒட்டியது!

ஏன் யாருக்கும் உறைக்கவில்லை? சிப்ஸோ ரகசியத் தரத்தை மட்டும் சுமக்கும். எழுத வேண்டுமானால் இரு பக்கத் தரமும் சமமாக இருக்க வேண்டும் என்பது எஸ்இலினக்ஸ் விதி. ஆக யார் லேபிளை ஒட்டினாலும் ஒன்றுதான். பி.காம். முதல் வருடத்தில் படித்தோமே, தப்பு இருந்தும் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகும் என்று, அந்த ஜாதி. ஆனால் 2008 கடைசியில் வந்த 2.6.28-ல், ஒரே கம்ப்யூட்டருக்குள் முழு லேபிளையும் அனுப்பும் வசதி சேர்ந்தது. இனி தற்செயல் காப்பாற்றாது.

2009 மார்ச்சில் பால் மூரே திருத்தினார். இதுவரை ஓடியது தற்செயல்களின் தயவில்தான் என்று திருத்தக் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டார். ஆடிட்டில் இப்படி எழுதித் தருகிற ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மருந்தில் முக்கியமான பகுதி ரொம்பச் சின்னது: லேபிள் ஒட்டும் படியை, கிழிக்கும் படிக்குப் பின்னால் நகர்த்தினார். 2009 ஜூனில் வந்த 2.6.30-ல் அது சேர்ந்தது.

ஐபிவி6 பக்கத்தை வேண்டுமென்றே தொடவில்லை. லினக்ஸில் அங்கே ஒட்ட இப்படி ஒரு லேபிளே அப்போது கிடையாது. கலிப்ஸோ என்ற பெயரில் அது வந்து சேர 2016 ஆயிற்று.