சாதிப் பெயர் சுமந்த நாய்கள்

போன வருடம், எங்கள் தெருமுனையில் சாக்கடையோரம் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, நாய்களைத் தத்துக் கொடுக்கும் முகாம் ஒன்றுக்குப் போனேன். ஒரு அம்மா குட்டியின் காதை மடக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன ஜாதி?" என்று கேட்டார். "தெருநாய்தாங்க" என்றேன். பக்கத்தில் நின்ற தொண்டர் பெண் உடனே குறுக்கிட்டு, "அப்படிச் சொல்லாதீங்க சார், இண்டின்னு சொல்லுங்க" என்று திருத்தினாள். அவள் நீட்டிய பதிவேட்டில் இனம் என்ற கட்டம் இருந்தது. எனக்கு முந்தைய வரியில் யாரோ ஆங்கிலத்தில் 'பரையா' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். குட்டியை யாரும் கேட்கவில்லை. நானே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஒற்றைச் சொல்தான் என்னை இதை எழுதவைக்கிறது. பறையர் என்ற நம் மொழியின் சாதிப் பெயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியரின் எழுத்தில் ஏறி, பிறகு ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவர் யாருக்கும் பொதுச் சொல்லாகி, கடைசியில் உடைமையாளர் இல்லாத நாயின் தலையில் கட்டப்பட்டது. 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இந்த நாய்க்கென்றே தனிப் பதிவு உண்டு. சாதியற்ற, இழிபிறப்பு மிருகம் என்பதால் இப்பெயர் வந்திருக்கும் என்பது அதில் உள்ள விளக்கம். தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளை அட்டவணைப்படுத்தியவர். சுவடிகளுக்கு அட்டவணை போட்ட அதே அறிவு நாய்க்கும் மனிதருக்கும் ஒரே அட்டவணை போட்டது எனலாம்.

வெள்ளைக்காரன்மேல் மட்டும் பழிபோட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் பேச்சில் அது ஊர்நாய், நாட்டுநாய். ஆனால் ஊர் என்ற சொல்லே சேரியை வெளியே நிறுத்திய சொல்தானே. தென்மாவட்டங்களில் சில கிராமங்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக்கூடாது என்ற தடை இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடுமாம்! பக்திக் கவி தன்னை 'நாயேன்' என்று தாழ்த்திக்கொள்வதற்கு முன்பே நாய்க்கு ஒரு படிநிலை தயாராக இருந்தது.

நாயை 'வேண்டாதது' என்று வகைப்படுத்துவது நவீன நகரத்தின் வேலை. சொத்துக்கு உரிமையாளர் வேண்டும், தெருவில் திரிவது யாருடைய சொத்துமில்லை, ஆகவே கொல்லலாம். இந்தத் தர்க்கம் முதல் அடி வாங்கியது பம்பாயில். தெருநாய்களைக் கொன்றால் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுக்க, காசுக்காக வீட்டு வாசலில் நின்ற நாய்களையும் அடித்தார்கள். 1832 ஜூனில் பார்சிகள் கிளர்ந்தெழுந்தார்கள், கோட்டைப் பகுதியில் கடைகள் அடைக்கப்பட்டன, கொலாபா படைகளுக்குப் போன உணவுப் பொருள்கள் மறிக்கப்பட்டன. இறந்தவரின் உடலை நாய் பார்த்தாக வேண்டும் என்பது அவர்கள் சடங்கு. ஆனால் சடங்கு மட்டுமா காரணம்? தெரு யாருடையது என்ற கேள்வியும் அங்கே இருந்தது.

லண்டன் கதை வேறு மாதிரி. 1860இல் மேரி டீல்பி என்ற பெண் ஹாலோவேயில் காணாமற்போன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கு ஒரு விடுதி தொடங்கினார். பத்திரிகைகள் கேலி செய்தன. மனிதனே பட்டினி கிடக்கும்போது நாய்க்கு வீடா என்று இன்று நம் தோழர்கள் கேட்கிற கேள்விதான். 1862இல் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் வந்த ஒரு கட்டுரை, உயர்சாதி நாய்களின் கண்காட்சியையும் இந்த அநாதை நாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. விடுதி 1871இல் பாட்டர்ஸீக்கு இடம் மாறியது. யாரும் கேட்டு வராத நாய்களை என்ன செய்வது? 1884இல் ரிச்சர்ட்ஸன் என்ற மருத்துவர் அங்கேயே ஒரு கொலையறை அமைத்துக்கொடுத்தார். வாயுவும் குளோரோபாமும். வலியில்லாத சாவு என்றார்கள். புகலிடமும் கொலையறையும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன.

மெட்ராஸ் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியதும் 1860இல்தான் என்பது ப்ளூ கிராஸ்காரர்கள் சொல்லும் கணக்கு. அந்த அமைப்பை 1959இல் இங்கே தொடங்கியவர் விமானியான கேப்டன் சுந்தரம். ருக்மிணி தேவி மாநிலங்களவையில் முன்னெடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 11ஆம் பிரிவில் ஒரு விலக்கு: தெருநாய்களைக் கொலையறையில் கொல்வது வதையாகாது. பாட்டர்ஸீயின் அறை கடல் தாண்டி நம் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கொல்லக் கொல்ல எண்ணிக்கை குறையவில்லை, காலியான தெருவில் வேறு நாய்கள் வந்து நிரம்புகின்றன, கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று 1964 முதல் ப்ளூ கிராஸ் சொல்லிப்பார்த்தது. மாநகராட்சி காதுகொடுத்தது 1996இல். அதற்குள் ஒரு நாளைக்கு 135 நாய்கள் என்ற அளவுக்குக் கொலை போயிருந்ததாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2001இல் கருத்தடையும் திரும்ப விடுவதும் நாடு முழுவதற்குமான விதியாயிற்று. 2023இல் அந்த விதிகள் மாற்றி எழுதப்பட்டன.

இந்த வரலாற்றில் ஒருவர் பெயரில்லாமலே நிற்கிறார்: சுருக்குக் கயிறு பிடித்தவர். நாய் வண்டி வந்தால் கல்லெறிந்த தெரு, அந்த வண்டியை அனுப்பியவர்களை எறியவில்லை. நகரத்தின் அழுக்கு வேலைகளை யார் தலையில் கட்டினார்களோ அவர்கள் தலையில்தான் இந்தக் கொலையும் விழுந்தது. மீட்புக் கதைகளில் அவர் வில்லன். கடிபட்ட அவர் கையைப் பற்றி யாரும் எழுதவில்லை.

கடி என்பது சின்ன விஷயமில்லை. ரேபீஸ் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகச் சாவுதான். உடனே சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் புண்ணைக் கழுவி, ஊசியை முறையாகப் போட்டுக்கொண்டால் பிழைக்கலாம். பிளாட்பாரத்தில் படுக்கிற பிள்ளைக்கு சோப்பும் தண்ணீரும் எங்கே? நாயை நேசிக்கிறவர் காரில் போகிறார், கடிபடுகிறவர் நடந்துபோகிறார் என்ற குற்றச்சாட்டை என்னால் தள்ளமுடியவில்லை. ஆனால் அதே பிளாட்பாரத்தில் தன் சோற்றில் ஒரு கவளம் உருட்டி நாய்க்குப் போடும் கிழவியையும் பார்த்திருக்கிறேன். அவள் அதற்கு மீட்பு என்று பெயர் வைக்கவில்லை.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம் தில்லி வட்டாரத்துத் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22இல் அதைத் திருத்தி, வெறியும் மூர்க்கமும் இல்லாதவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. விரும்புகிறவர்கள் தத்தெடுக்கலாம், ஆனால் மறுபடி தெருவுக்கு வரவிடக்கூடாது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று இன்னொரு உத்தரவு. வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்கிறார்கள். நல்லது. யார் வீட்டுக்கு?

குட்டி இப்போது வளர்ந்து என் காலடியில் படுத்திருக்கிறது. மாத முடிவுக்குள் நாயை விடு, இல்லை வீட்டை விடு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மூன்று வாரமாக வீடு தேடுகிறேன். போன இடத்திலெல்லாம் முதலில், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். அதற்கு அடுத்துத்தான் நாய் இருக்கிறதா என்ற கேள்வி.