நீர் வகுத்த மிதிவண்டிப் பாதை

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் துலூஸ் என்னும் நகரம் உள்ளது. அதற்குத் தென்கிழக்கே, 'கருமலை' என்று பொருள்படும் பெயருடைய மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில் சேன்-ஃபெரெயோல் என்ற பழைய நீர்த்தேக்கத்தைக் காணலாம். இந்த நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்து புறப்பட்டு, ஒரு சிறு வாய்க்காலின் ஓரமாக வயல்களுக்கும் மரநிழலுக்கும் நடுவே சென்று, பெரிய கால்வாயை அடைந்து, அதன் கரை வழியே துலூஸ் வரையிலோ, எதிர்த்திசையில் மத்தியதரைக் கடல் வரையிலோ மிதிவண்டியில் போகலாம். மலையும் மேடும் நிறைந்த அந்த நாட்டுப்புறத்தில், வாய்க்காலை ஒட்டிய இந்தப் பாதையில் மட்டும் ஏற்றமே தெரிவதில்லை.

இதற்குக் காரணம் என்ன? பாதையை மிதிவண்டிக்காக யாரும் அமைக்கவில்லை. மிதிவண்டி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, நீர் ஓடுவதற்காகத் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட வழி அது. நீருக்கும் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் வேண்டியது ஒன்றேதான்: மிகமிக மெல்லிய சரிவு.

இரு கடல்களுக்கு இடையே ஒரு மேடு

அட்லாண்டிக் கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போக வேண்டிய கப்பல், ஸ்பெயின் நாட்டைச் சுற்றிக்கொண்டு சுமார் 3000 கி.மீ. செல்ல வேண்டும். வழியில் புயலும் கடற்கொள்ளையரும் உண்டு. நிலத்தின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினால் இந்தத் தொல்லை நீங்கும் என்ற எண்ணம் 16ஆம் நூற்றாண்டிலேயே பேசப்பட்டது. கரோன் ஆறு துலூசிலிருந்து அட்லாண்டிக்கை நோக்கி ஓடுகிறது. ஆகவே துலூசிலிருந்து மத்தியதரைக் கடல் வரை கால்வாய் வெட்டினால் போதும்.

ஆனால் நடுவே ஒரு மேடு குறுக்கிட்டது. நோரூஸ் என்ற அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பெய்யும் மழையில் ஒரு பங்கு மேற்கே அட்லாண்டிக்குக்கும், மறு பங்கு கிழக்கே மத்தியதரைக் கடலுக்கும் பிரிந்து போய்விடும்.

படகை மேட்டின் மீது ஏற்றுவதற்கு வழி இருந்தது. அதுதான் நீர்ப்பூட்டு. இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட ஒரு தொட்டியைக் கற்பனை செய்து கொள்வோம். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து நீரை விட்டால், நீரோடு படகும் உயரும். பிறகு மேற்கதவைத் திறந்து படகு மேல்மட்டக் கால்வாய்க்குள் செல்லும். ஆனால் இப்படி ஒவ்வொரு முறை பூட்டு இயங்கும்போதும் ஒரு தொட்டி நீர் கீழே இறங்கிவிடுகிறது. அது மீண்டும் மேலே வராது. எனவே மேட்டின் உச்சிக்கு அதைவிட உயரமான ஓர் இடத்திலிருந்து இடைவிடாமல் நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நீர் எங்கிருந்து வரும்? முன்பு திட்டமிட்டவர்கள் திணறியது இந்தக் கேள்வியில்தான்.

உப்பு வரிக்காரரின் சோதனை

இதற்கு விடை கண்டவர் பியர்-பால் ரிக்கே. அவர் பொறியாளர் அல்லர். அரசுக்காக உப்பு வரி வசூலித்து வந்தவர். கருமலையில் ஓடும் சிற்றோடைகளை ஒன்றுசேர்த்து நோரூசுக்குக் கொண்டு வரலாம் என்று அவர் நம்பினார். 1662ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேருக்குத் தம் திட்டத்தை எழுதி அனுப்பினார். அவருக்குத் துணை நின்றவர்களுள் ரெவெல் என்ற ஊரின் பியர் காம்ப்மாஸ் ஒருவர். ஊரின் நீரூற்றுகளையும் நீர்வழிகளையும் கவனிப்பது அவருடைய தொழில். மலையில் எந்த ஓடையை எந்தப் பக்கம் திருப்பலாம் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்.

அரசு அமைத்த குழு திட்டத்தை ஆராய்ந்தது. ஆனால் ஐயம் தீரவில்லை. மலையடிவாரத்திலிருந்து நோரூஸ் நேர்கோட்டில் சுமார் 20 கி.மீ. தொலைவுதான். நேரே வெட்டினால் குன்றும் பள்ளமும் குறுக்கிடும். ஆகவே வாய்க்கால் ஒவ்வொரு குன்றின் இடுப்பையும் சுற்றி வளைந்து, ஏறத்தாழ 38 கி.மீ. செல்ல வேண்டியிருந்தது. சரிவு கூடினால் நீர் வேகமாக ஓடி மண்ணை அரிக்கும். நோரூசை எட்டுமுன்பே உயரமும் தீர்ந்துவிடும். சரிவு குறைந்தால் நீர் தேங்கி வண்டல் படியும்.

அளவையில் நேரும் சிறு பிழையும் எவ்வளவு பெரிதாகும் என்று பாருங்கள். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 5 செ.மீ. வீதம் ஒரே பக்கமாகப் பிழை நேர்ந்தால், 38 கி.மீ. முடிவில் அது 19 மீட்டராகிவிடும். நீர் மேட்டை எட்டாமலே போய்விடும்!

எனவே ஒரு சோதனை செய்து காட்டும்படி சொல்லப்பட்டது. 1665இல் ரிக்கே தம் சொந்தச் செலவில், சுமார் இரண்டடி அகலமுள்ள ஒரு சிறு வாய்க்காலை மலையடிவாரத்தில் ஓடும் சோர் ஆற்றிலிருந்து நோரூஸ் வரை வெட்டினார். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் நீர் நோரூசை வந்தடைந்தது. ஒரு பெரும் திட்டத்துக்கு முன்பாகச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கும் அறிவியல் முறைக்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. மறு ஆண்டு, 1666 அக்டோபரில், கால்வாய் வெட்ட அரச ஆணை பிறந்தது.

மழையைச் சேமித்த அணை

ஓடைகள் கோடையில் வற்றிவிடும். ஆகவே குளிர்கால மழையைத் தேக்கி வைக்க 1667இல் சேன்-ஃபெரெயோல் அணை தொடங்கப்பட்டு, 1672இல் முடிக்கப்பட்டது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று கற்சுவர்கள். அவற்றுக்கு இடையே மண்ணும் கல்லும் இட்டு நிரப்பிய அமைப்பு. நீளம் சுமார் 780 மீட்டர். உயரம் 30 மீட்டருக்கு மேல். இதன் கொள்ளளவு சுமார் 63 லட்சம் கனமீட்டர். இன்றைய அணைகளோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது ஒரு வியப்பு. பின்னர் 1680களில் வோபான் என்ற படைப்பொறியாளர் ஒரு குன்றைக் குடைந்து, மலையின் மேற்பகுதி ஓடைகளையும் இந்தத் தேக்கத்துக்குத் திருப்பினார்.

கால்வாய்ப் பணியில் சில காலங்களில் 12,000 பேர் வரை உழைத்தனர். பெண்களும் பெருந்தொகையாக மண் சுமந்தனர். நீர்ப்பூட்டுகளின் பக்கச் சுவர்களை ரிக்கே முட்டை வடிவில் வளைத்துக் கட்டினார். வெளியே உள்ள மண்ணின் அழுத்தத்தை, படுக்க வைத்த வளைவு போல, அந்தச் சுவர் தாங்கிக்கொள்கிறது. 240 கி.மீ. நீளமுள்ள கால்வாய் 1681ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. ஆனால் அதைப் பார்க்க ரிக்கே இல்லை. 1680 அக்டோபரில், வேலை முடியச் சில மாதங்களே இருந்தபோது, அவர் காலமானார். தம் செல்வத்தையெல்லாம் அதில் இட்டிருந்தார். அவருடைய வாரிசுகள் கடனிலிருந்து மீள நெடுங்காலம் பிடித்தது.

குதிரை நடந்த தடம்

அந்நாளில் படகுகளை இழுத்தவை குதிரைகள். அவை நடப்பதற்காகக் கால்வாயின் கரை நெடுகிலும் ஒரு பாதை விடப்பட்டது. வண்டியில் ஏறத்தாழ ஒரு டன் இழுக்கும் குதிரை, அமைதியான நீரில் மெதுவாகச் செல்லும் படகில் பல பத்து டன்களை இழுக்கும். 1857இல் போர்தோவுக்கும் செத் துறைமுகத்துக்கும் இடையே ரயில் வந்ததும் கால்வாயின் வாணிகம் சரிந்தது. 1980களின் இறுதியில் சரக்குப் படகுகள் அடியோடு நின்றன. 1996இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குதிரைகள் போன தடத்தில் இன்று மிதிவண்டிகள் போகின்றன. துலூஸ் பக்கம் சுமார் 50 கி.மீ. நல்ல தளம் போடப்பட்டிருக்கிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் மண்ணும் சரளையுமே. வேர்கள் புடைத்த இடங்களும் உண்டு.

இந்தப் பாதையின் எளிமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். துலூசுக்கும் நோரூசுக்கும் இடையே தொலைவு சுமார் 52 கி.மீ.; உயர வேறுபாடு 57 மீட்டர். அதாவது 1000 மீட்டருக்கு ஒரு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் என்று கொள்வோம். 1000க்கு 1 என்ற சரிவில் அவரைப் பின்னுக்கு இழுக்கும் விசை 80 கிராம் எடைக்குச் சமம். சக்கரத்தின் உருளல் உராய்வே நல்ல சாலையில் சுமார் 400 கிராம் எடை அளவுக்கு இருக்கும். ஆகையால் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதே கால்களுக்குத் தெரியாது. நீர்ப்பூட்டு உள்ள இடங்களில் மட்டும் சில மீட்டர் ஏற்றம் திடீரென்று எதிர்ப்படும். வாய்க்காலை விட்டுவிட்டு நூற்றுக்கு 4 சரிவுள்ள மலைச்சாலையில் ஏறிப் பார்த்தால், அதே விசை 3.2 கிலோகிராம் எடையாகிவிடும், நாற்பது மடங்கு!

வெட்டப்படும் நிழல்

இந்தப் பயணத்தின் இன்னொரு சுகம், கரையெங்கும் நின்ற பிளேன் மரங்களின் நிழல். 19ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட இவற்றின் வேர்கள் கரையின் மண்ணை இறுகப் பற்றியிருந்தன. சுமார் 42,000 மரங்கள் இருந்தன. 2006இல் ஒரு பூஞ்சை நோய் அவற்றில் கண்டறியப்பட்டது. நீர் வழியாகவும் படகுகள் வழியாகவும் பரவும் இந்நோய்க்கு மருந்து இல்லை. பல்லாயிரம் மரங்கள் வெட்டி எரிக்கப்பட்டன. வேறு வகை மரங்களும் நோயைத் தாங்கும் வகைகளும் நடப்பட்டு வருகின்றன. ஒரே இனத்தை வரிசையாக நட்டால் ஒரே நோயில் அனைத்தும் போகும் என்ற பாடத்தை இந்தக் கரை கற்றுத் தருகிறது.

நோரூசில் ரிக்கேயின் வழித்தோன்றல்கள் 1820களில் எழுப்பிய ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அருகிலேயே கருமலையிலிருந்து வரும் வாய்க்கால் பெரிய கால்வாயில் கலக்கிறது. கலந்த நீரில் ஒரு பங்கு அட்லாண்டிக் பக்கமும் ஒரு பங்கு மத்தியதரைக் கடல் பக்கமும் பிரிகிறது. சரக்குப் படகும் குதிரையும் போய்விட்டன. பழைய மரங்களும் போகின்றன. 1665இல் இரண்டடி வாய்க்காலில் ஓடிவந்து மெய்ப்பிக்கப்பட்ட அந்த மெல்லிய சரிவு மட்டும் மாறவில்லை. அந்தக் கரையில் மிதிவண்டி ஓட்டும் ஒவ்வொருவருடைய காலும் அன்றைய அளவையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது.